மூட்டைத் தூசியும் மூச்சுத் திணறலும்



நம் சங்க இதழில் வரி பற்றியும், உரிமம் பற்றியும், தராசு முத்திரை பற்றியும் எத்தனையோ கட்டுரைகளைப் படித்து வருகிறோம். இந்த முறை நான் எழுத வந்திருப்பது வீட்டைப் பெருக்குவது பற்றி. "மண்டிக்காரருக்கும் விளக்குமாற்றுக்கும் என்னய்யா சம்பந்தம்?" என்று சிலர் சிரிக்கலாம். மூன்று வருடங்களுக்கு முன்பு வேறு யாராவது இப்படி எழுதியிருந்தால் நானும் சிரித்திருப்பேன். அதன்பின் ஒரு ராத்திரி, என் பேத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியபோதுதான் எனக்குப் புத்தி வந்தது. என் அனுபவம் உங்களுக்குப் பயன்படட்டும் என்றே இதை எழுதுகிறேன்.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள்

மேற்குத் தாம்பரத்தில் எனக்கு அரிசி, பருப்பு, மிளகாய் வற்றல் மொத்த வியாபாரம். கீழே கிடங்கு, மாடியில் வீடு. என் தகப்பனார் காலத்திலிருந்தே அப்படித்தான். சரக்கும் பத்திரம், நாமும் பத்திரம் என்பது அவர் கணக்கு.

நம் எல்லோரையும் போல நானும் வருடத்துக்கு ஒருமுறை, ஆயுத பூஜைக்கு முந்தின நாள், கிடங்கை ஒட்டடை அடித்துச் சுத்தம் செய்வேன். அந்த வருடமும் நான்கு ஆட்களை வைத்துக் காலை முதல் மாலை வரை வேலை நடந்தது. அடுக்கை நகர்த்தினார்கள். காலிச் சாக்குகளை உதறி மடித்தார்கள். மூலை முடுக்கெல்லாம் காய்ந்த துடைப்பத்தால் பெருக்கினார்கள். எதிரில் நிற்கும் ஆள் தெரியாத அளவுக்குத் தூசி எழும்பியது. அதில் பாதி மாடிப்படி வழியாக வீட்டுக்குள் போனது. மீதியில் ஒரு பங்கை நான் சட்டையில் சுமந்துகொண்டு மாடிக்குப் போனேன். ஏழு வயதுப் பேத்தி ஓடி வந்தாள். அப்படியே தூக்கிக் கொஞ்சினேன்.

இரவு பதினொரு மணிக்குக் குழந்தைக்கு இழுப்பு வந்துவிட்டது. விலா எலும்பு உள்ளே போய்ப் போய் வருகிறது. ஒரு வார்த்தை முழுசாகப் பேச முடியவில்லை. ஆட்டோ பிடித்து ஓடினோம். முகத்தில் மூடி வைத்து மருந்துப் புகை கொடுத்தார்கள். விடியும் நேரத்தில்தான் மூச்சு சீரானது.

காலையில் வந்த மருத்துவர் முதலில் கேட்டது, "உங்களுக்கு என்ன தொழில்? வீடு எங்கே இருக்கிறது? நேற்று வீட்டில் ஏதாவது வேலை நடந்ததா?" என்றுதான். "பண்டிகைக்காக நன்றாகச் சுத்தம் செய்தோம்" என்று சொன்னேன். அவர் சொன்ன பதில் இன்னும் என் காதில் இருக்கிறது. "சுத்தம் செய்யவில்லை ஐயா. தரையில் சும்மா கிடந்த தூசியை எடுத்துக் குழந்தை நெஞ்சுக்குள் போட்டிருக்கிறீர்கள்."

இரண்டு வருடமாக ஒவ்வொரு மழைக்காலத்திலும் அவளுக்கு வந்ததைச் 'சளி' என்றே நாங்கள் நினைத்திருந்தோம். அது ஒவ்வாமையால் வரும் ஆஸ்துமா என்று அன்றுதான் தெரிந்தது.

தூசிக்குள் என்ன இருக்கிறது?

தூசி என்றால் மண் என்று நினைக்கிறோம். வீட்டுத் தூசியில் மண் ஒரு பங்குதான். துணி நூல், நம் தோலிலிருந்து உதிரும் செதில், பூஞ்சைக் காளானின் விதைத்தூள், கரப்பான் பூச்சியின் எச்சம் எல்லாம் சேர்ந்ததுதான் அது. இவற்றோடு கண்ணுக்குத் தெரியாத ஒரு குடித்தனமும் அதில் நடக்கிறது. அதுதான் தூசிப்பூச்சி.

ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு நீளமே உள்ள எட்டுக்கால் பூச்சி இது. 1960களில் ஹாலந்து நாட்டின் லெய்டன் நகர ஆராய்ச்சியாளர்கள்தான், வீட்டுத் தூசியால் வரும் இழுப்புக்கு இந்தப் பூச்சி முக்கியக் காரணம் என்று கண்டறிந்தார்கள். இது கடிப்பதில்லை. நம் தோல் செதிலைத் தின்கிறது. தண்ணீர் குடிப்பதும் இல்லை. காற்றில் உள்ள ஈரத்தையே உறிஞ்சிக்கொள்கிறது. ஆகவே மெத்தை, தலையணை, சோபா, கம்பளம் இவைதான் அதற்கு வசதியான இடங்கள். அதன் எச்சத்தில் உள்ள ஒருவகைப் புரதம் மூச்சோடு உள்ளே போகும்போது, சிலருடைய உடம்பு அதைப் பகைவன் என்று தவறாக எண்ணிப் போர் தொடுக்கிறது. தும்மல், கண் அரிப்பு, மூக்கடைப்பு, இழுப்பு எல்லாம் அந்தப் போரின் விளைவுதான்.

ஒரு வேறுபாட்டையும் நாம் தெரிந்துகொள்ள வேண்டும். மிளகாய் நெடி, கொசுவத்திப் புகை, சாம்பிராணிப் புகை போன்றவை யாருக்கும் மூச்சுக்குழாயில் எரிச்சல் உண்டாக்கும். தூசிப்பூச்சியும் கரப்பானும் பூஞ்சையும் ஒவ்வாமை உள்ளவருக்கு மட்டும் வேலையைக் காட்டும். ஏற்கெனவே ஒவ்வாமையால் வீங்கிய மூச்சுக்குழாயில் இந்தப் புகையும் நெடியும் சேர்ந்தால் தொல்லை இரட்டிப்பாகும். கிடங்கின் மேல் குடியிருந்த என் பேத்திக்கு இரண்டும் சேர்ந்துதான் கிடைத்தது.

நம் தொழிலோடு பிறந்த நோய்

தானியத் தூசி மனிதரைப் படுத்துவது இன்று நேற்று வந்த சங்கதி அல்ல. இத்தாலி நாட்டு மருத்துவர் ரமசீனி, 1700ஆம் ஆண்டிலேயே தொழிலாளர் நோய்களைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். தானியம் சலிப்பவர்களும் அளப்பவர்களும் தூசியால் தொண்டையும் கண்ணும் நெஞ்சும் கெட்டு அவதிப்படுவதை அதில் தனியாகவே குறித்திருக்கிறார். முந்நூறு வருடங்களுக்கு முன்பே நம் தொழிலுக்கு வைத்தியப் புத்தகத்தில் இடம் கிடைத்துவிட்டது!

இன்னொன்று ஸ்பெயின் நாட்டுத் துறைமுக நகரமான பார்சலோனாவில் நடந்தது. 1981 முதல் 1987 வரை, திடீர் திடீரென்று சில நாட்களில் மட்டும் ஆஸ்துமா நோயாளிகள் கூட்டம் கூட்டமாக ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தார்கள். இப்படி 26 முறை நடந்தது. காரணம் புரியாமல் எல்லோரும் திகைத்தார்கள். கடைசியில் துறைமுகக் கணக்கையும் ஆஸ்பத்திரிக் கணக்கையும் ஒப்பிட்டுப் பார்த்தபோது விஷயம் வெளிப்பட்டது. கப்பலிலிருந்து சோயா மொச்சை இறக்கிய நாட்களும் நோயாளிகள் ஓடி வந்த நாட்களும் ஒன்றாக இருந்தன. சேமிப்புக் களஞ்சியத்தில் தூசி வடிகட்டி இல்லை. அங்கிருந்து கிளம்பிய தூசி காற்றில் ஊருக்குள் பரவியிருக்கிறது. வடிகட்டி பொருத்தினார்கள். அந்தக் கூட்டம் நின்றுபோனது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அவர்கள் சோயா வியாபாரத்தை நிறுத்தவில்லை. தூசி பறப்பதைத்தான் நிறுத்தினார்கள். நாமும் மண்டியை மூட வேண்டியதில்லை. தூசியைக் கிளப்பாமல் பிடிக்கக் கற்றுக்கொண்டால் போதும்.

காற்றுக்குப் பெயர் பெற்ற நம் ஊர்

தாம்பரம் சானடோரியம் என்று ரயில் நிலையத்துக்கே பெயர் இருக்கிறதே, அது எப்படி வந்தது என்பது இளைய வணிகர் பலருக்குத் தெரியாது. 1928ஆம் ஆண்டு டாக்டர் சவுரிமுத்து அவர்கள் காசநோயாளிகளுக்காக இங்கே ஒரு மருத்துவ இல்லத்தைத் தொடங்கினார். காசநோய்க்கு மருந்தே கண்டுபிடிக்காத காலம் அது. மலையடிவாரத்துக் காற்றும் வெயிலும் ஓய்வும்தான் அன்றைய வைத்தியம். 1937இல் அரசு அதை ஏற்றுக்கொண்டது. இன்று அது அரசு நெஞ்சக மருத்துவமனையாக இருக்கிறது.

நல்ல காற்றைத் தேடி நோயாளிகள் வந்த ஊரில்தான் நாம் கடை வைத்திருக்கிறோம். இன்று சண்முகம் சாலையில் மாலை நேரத்தில் நடந்தால் காற்று எப்படி இருக்கிறது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. சாலைத் தூசியை நாம் ஒருவராக மாற்ற முடியாது. வீட்டுக்குள் இருக்கும் காற்று நம் கையில் இருக்கிறது. ராத்திரி முழுவதும் குழந்தை மூச்சு விடுவது அந்தக் காற்றைத்தான்.

நம் பக்கத்துக்கு இன்னொரு தொல்லை ஈரம். கடலோர மாவட்டம், வருடம் முழுக்கக் காற்றில் ஈரப்பதம். தூசிப்பூச்சிக்கு இதைவிட என்ன வேண்டும்? அதற்கு மேல் ஐப்பசி, கார்த்திகை மழை. 2015 டிசம்பர் முதல் தேதி தொடங்கி மறுநாள் காலை வரை 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் பெய்த மழை 49 சென்டிமீட்டர். அடையாற்று வெள்ளம் முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் வீடுகளுக்குள் ஆள் உயரத்துக்கு நின்றதை யாரும் மறந்திருக்க மாட்டோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மறுபடியும் அதே பகுதிகளில் தண்ணீர் புகுந்தது. தண்ணீர் வடிந்த பிறகு சுவரில் கறுப்பும் பச்சையுமாகப் பூஞ்சை ஏறுகிறது. பலரும் அதன் மேல் சுண்ணாம்பையோ பெயின்டையோ அடித்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். சுவர் உள்ளே ஈரமாக இருக்கும் வரை பூஞ்சை திரும்பத் திரும்ப வெளியே வரும்.

வீட்டில் செய்ய வேண்டியவை

மருத்துவர் சொன்னவற்றையும், நாங்கள் செய்து பார்த்துப் பலன் கண்டவற்றையும் வரிசையாகத் தருகிறேன்.

1. காய்ந்த துடைப்பத்தைக் குறையுங்கள். நம் வீட்டுப் பெண்கள் காலையில் வாசலில் தண்ணீர் தெளித்துவிட்டுத்தான் பெருக்குகிறார்கள். தூசி எழும்பக் கூடாது என்று தெரிந்துதான் அந்த வழக்கம் வந்தது. அந்த அறிவை வாசலோடு நிறுத்திவிட்டோம். வீட்டுக்குள்ளும் நன்றாகப் பிழிந்த ஈரத் துணியாலோ மாப்பாலோ துடைப்பதுதான் சரி. பெருக்கியே ஆக வேண்டும் என்றால் ஜன்னலைத் திறந்து வைத்து, மெதுவாகப் பெருக்கி, பிறகு ஈரத் துணியால் துடைக்க வேண்டும். எழும்பிய தூசி அடங்க அரை மணி நேரமாவது ஆகும். அதுவரை இழுப்பு உள்ளவர் அந்த அறையில் இருக்கக் கூடாது.

2. மேலிருந்து கீழாக வாருங்கள். முதலில் ஒட்டடை, பிறகு மின்விசிறி, அலமாரி, கடைசியில் தரை. தரையைத் துடைத்த பிறகு மின்விசிறியைத் தட்டினால் செய்த வேலை வீண். மின்விசிறி இறக்கைக்கு ஒரு வழி உண்டு. பழைய தலையணை உறையை இறக்கையில் மாட்டி, அழுத்திப் பிடித்து இழுங்கள். தூசி முழுவதும் உறைக்குள்ளேயே விழும்.

3. படுக்கையில் கவனம் வையுங்கள். வீட்டில் தூசிப்பூச்சிக்குத் தலைநகரம் மெத்தைதான். விரிப்பையும் தலையணை உறையையும் வாரம் ஒருமுறை 60 டிகிரி சூடுள்ள தண்ணீரில் துவைத்தால் பூச்சி சாகும், எச்சமும் போகும். துவைக்கும் இயந்திரத்தில் இந்தச் சூட்டுக்குத் தனிப் பொத்தான் இருக்கும். இயந்திரம் இல்லாதவர்கள் கொதிக்க வைத்த தண்ணீரில் ஊற வைத்து, ஆறிய பிறகு கசக்கலாம். மெத்தைக்கும் தலையணைக்கும் நெருக்கமாக நெய்த, ஜிப் வைத்த முழு உறை போடலாம். நல்ல வெயிலில் இரண்டு பக்கமும் மாற்றிக் காய வைப்பது நம் பழைய வழக்கம், அதை விடாதீர்கள். மெத்தையைத் தட்டுவதை மொட்டை மாடியில் செய்யுங்கள். செய்பவர் மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளட்டும். வெயிலில் பூச்சி செத்தாலும் எச்சம் அங்கேயே இருக்கும் என்பதால் துவைப்பதும் துடைப்பதும் அவசியம். குழந்தையின் பஞ்சு பொம்மையை ஒரு நாள் முழுவதும் பிரிட்ஜின் உறைபெட்டியில் வைத்து, பிறகு துவைத்துக் காய வைக்கலாம்.

4. பரணைக் குறையுங்கள். பழைய செய்தித்தாள், அட்டைப்பெட்டி, கிழிந்த தலையணை, 'என்றைக்காவது உதவும்' என்று எடுத்து வைத்த சாக்கு எல்லாம் தூசிக்கு வைப்பு நிதி. வேண்டியதை மூடியுள்ள பெட்டியில் வையுங்கள். மற்றதை எடைக்குப் போடுங்கள். படுக்கை அறையில் எவ்வளவு பொருள் குறைகிறதோ அவ்வளவு நல்லது.

5. கரப்பானைப் பட்டினி போடுங்கள். 1997இல் அமெரிக்க நகரங்களில் நடந்த ஓர் ஆய்வில், கரப்பான் ஒவ்வாமை உள்ள குழந்தைகள் கரப்பான் மிகுந்த வீட்டில் வாழ்ந்தால் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டிய நிலை மற்றவர்களைவிட மூன்று மடங்குக்கு மேல் வந்தது தெரிந்தது. ராத்திரி எச்சில் பாத்திரத்தைப் போட்டு வைக்காதீர்கள். குப்பைக்கூடைக்கு மூடி வேண்டும். ஒழுகும் குழாயைச் சரி செய்யுங்கள். சாக்கடைத் துவாரத்துக்குச் சல்லடை போடுங்கள். புகையாக அடிக்கும் மருந்தைவிட, மூலையில் புள்ளி புள்ளியாக வைக்கும் பசை மருந்து மேல். பூச்சி செத்த பிறகு அந்த இடத்தைச் சோப்புத் தண்ணீரால் கழுவுங்கள். நமக்கு மட்டும் உரிய ஒரு எச்சரிக்கையும் உண்டு. கடையிலிருந்து வீட்டுக்கு அட்டைப்பெட்டியைக் கொண்டு போகாதீர்கள். அதன் மடிப்பில் கரப்பான் முட்டைக் கூடு ஒட்டிக்கொண்டு வரும்.

6. ஈரத்தை விரட்டுங்கள். ஒழுகும் இடத்தை முதலில் அடையுங்கள். மழை நாளில் படுக்கை அறையில் துணி காயப் போடாதீர்கள். குளியலறையிலும் சமையலறையிலும் வெளியேற்று விசிறி வேலை செய்யட்டும். பூஞ்சையைச் சோப்புத் தண்ணீரால் தேய்த்துக் கழுவி, நன்றாக உலர விட்ட பிறகே வண்ணம் அடிக்க வேண்டும். இதை இழுப்பு உள்ளவர் செய்யக் கூடாது. வெள்ளத்தில் ஊறிய மெத்தையை ஆசைக்காக வைத்திருக்காதீர்கள், தூக்கி எறிந்துவிடுங்கள்.

இவற்றில் ஏதாவது ஒன்றை மட்டும் செய்துவிட்டுப் பலன் இல்லையே என்று சொல்லாதீர்கள். மெத்தைக்கு மட்டும் உறை போட்டுவிட்டுக் கரப்பானை விட்டுவைத்தால் பலன் சொற்பம். எல்லாம் சேர்ந்துதான் வேலை செய்யும்.

கடையிலும் கிடங்கிலும்

வீட்டை எவ்வளவு துடைத்தாலும், தினமும் நாமே ஒரு படி தூசியைச் சுமந்து வந்தால் என்ன பயன்? நான் இப்போது கிடங்கில் ஒரு மாற்றுச் சட்டை வைத்திருக்கிறேன். மாலையில் அங்கேயே கை கால் முகம் கழுவி, சட்டை மாற்றிக்கொண்டுதான் மாடி ஏறுகிறேன். குளித்த பிறகுதான் பேத்தியைத் தூக்குவேன். அவளும் "தாத்தா, குளிச்சாச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் கிட்டே வருவாள். மாடிப்படியில் ஒரு கதவும் போட்டுவிட்டேன். அந்தக் கதவுக்கு ஆன செலவு நாலைந்து சிப்பம் அரிசியின் விலை. ஒரு ராத்திரி ஆஸ்பத்திரிக்குக் கட்டியது அதைப்போலப் பல மடங்கு.

சரக்கை மரச்சட்டத்தின் மேல் அடுக்குங்கள். சுவரிலிருந்து ஒன்றரை அடியாவது இடம் விட்டால் பின்பக்கம் சுத்தம் செய்யலாம், ஈரமும் ஏறாது. வருடத்துக்கு ஒரு நாள் புழுதி பறக்கப் பெருக்குவதை விட்டுவிட்டு, வாரம் ஒரு பகுதியாகப் பிழிந்த துணியால் துடைத்து வந்தால் ஆயுத பூஜைக்கு வேலையே இருக்காது. காலிச் சாக்கை உதறாமல் சுருட்டுங்கள். மிளகாய் மூட்டையை வாசல் பக்கமாக வையுங்கள். மூட்டை இறக்கும் நேரத்தில் குழந்தைகளும் நெஞ்சு நோய் உள்ளவர்களும் அங்கே நிற்க வேண்டாம்.

ரவை, மைதா, கோதுமை மாவு விற்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். தூசிப்பூச்சியின் பங்காளி ஒன்று பழைய மாவிலும் பெருகும். நம்மைப் போன்ற வெப்ப நாடுகளில், அப்படிப்பட்ட மாவில் செய்த பலகாரத்தைச் சாப்பிட்டு, ஒவ்வாமை உள்ளவர்கள் மூச்சுத் திணறி உயிருக்குப் போராடிய நிகழ்ச்சிகளை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அடுப்பில் வெந்தாலும் அந்தப் புரதம் முழுவதும் அழிவதில்லை. எனவே முதலில் வந்த சரக்கு முதலில் போகட்டும். தேதி தாண்டிய மாவைத் தள்ளுபடிக்கு விற்காதீர்கள். "பிரித்த பிறகு இறுக மூடிய டப்பாவில் வையுங்கள்" என்று வாங்குபவருக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

வாடிக்கையாளர் கேட்டால்

சுத்தம் செய்யும் சாமான் முழுவதும் நம் கடையில்தான் விற்கிறது. "எது நல்லா இருக்கும் அண்ணாச்சி?" என்று கேட்பவருக்கு நாம் சொல்வதுதான் வேதம். அதனால் நமக்குப் பொறுப்பு அதிகம்.

பிளீச்சிங் பவுடரையும் கழிப்பறை ஆசிட்டையும் ஒன்றாகக் கலந்தால் குளோரின் என்ற விஷவாயு வரும். மூடிய குளியலறையில் நல்ல நெஞ்சு உள்ளவரையே அது சாய்த்துவிடும். இரண்டையும் ஒரே பையில் போட்டுக் கொடுக்கும்போது, "ஒன்றோடு ஒன்று சேர்க்காதீர்கள்" என்று சொல்வது நம் கடமை. கமகமவென்று மணந்தால்தான் சுத்தம் என்ற எண்ணமும் தவறு. மணம் வேறு, சுத்தம் வேறு. 2007இல் வெளியான ஐரோப்பிய ஆய்வு ஒன்றில், பீய்ச்சி அடிக்கும் துப்புரவு திரவங்களை வாரம் ஒருமுறையாவது வீட்டில் பயன்படுத்தியவர்களுக்கு ஆஸ்துமா தொல்லை கூடுதலாக வந்தது தெரிந்தது. இழுப்பு உள்ள வீட்டுக்குச் சாதாரண சோப்புத் தண்ணீரும் ஒரு துணியும் போதும்.

பூச்சிக்கும் எலிக்கும் போடும் விஷத்தைச் சுத்தம் என்று நினைக்காதீர்கள். 2024 நவம்பரில், நமக்குப் பக்கத்தில் குன்றத்தூரில், எலி மருந்து வைத்த வீட்டில் தூங்கிய இரண்டு குழந்தைகள் இறந்த செய்தியைப் படித்து யார் நெஞ்சு பதறாமல் இருந்திருக்கும்? கிடங்கில் சரக்குக்குப் புகைமூட்டம் போடும் மாத்திரையை எக்காரணம் கொண்டும் வீட்டுக்குக் கொண்டு போகாதீர்கள். யாருக்கும் ஒன்று இரண்டு என்று கொடுக்கவும் கொடுக்காதீர்கள்.

மாப்பு, நல்ல துடைக்கும் துணி, மெத்தை உறை, இறுக மூடும் டப்பா, முகக்கவசம் இவற்றை வைத்து விற்றால் நமக்கும் வியாபாரம், வாடிக்கையாளருக்கும் நன்மை.

மருந்தை நிறுத்தாதீர்கள்

துடைத்தால் போதும், மருந்து வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. மருத்துவர் தந்த இன்ஹேலர் பழக்கமாகிவிடும் என்று பயந்து பலர் பாதியில் விடுகிறார்கள். அது போதைப் பொருள் அல்ல; பழக்கமாகாது. என் பேத்தி மருத்துவர் சொன்னபடி அதை எடுத்துக்கொள்கிறாள். வீடும் சுத்தமாக இருப்பதால், அந்த ராத்திரிக்குப் பிறகு மூன்று மழைக்காலம் ஆஸ்பத்திரி வாசல் மிதிக்காமல் கடந்திருக்கிறது. மூச்சுத் திணறலில் பேச்சு துண்டு துண்டாக வந்தாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ ஒரு நிமிடமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். கைவைத்தியம் பார்க்கும் நேரம் அல்ல அது.

எழுதாமல் விட்ட செலவு

கடைசியாக ஒன்று. சொல்லக் கூச்சமாக இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். என்னிடம் பதினெட்டு வருடம் மூட்டை தூக்கிய ஒருவர் இருந்தார். கடைசி மூன்று நான்கு வருடம் அவருக்கு மூச்சு வாங்கும். "பீடியை விடுப்பா" என்று திட்டுவேன். ஒரு நாள், "இனி முடியலை முதலாளி" என்று சொல்லிவிட்டுப் போனார். பீடியும் காரணமாக இருக்கலாம். ஆனால் அந்தப் பதினெட்டு வருடத்தில் மூக்கில் கட்டிக்கொள்ள ஒரு நல்ல துணிகூட நான் வாங்கிக் கொடுத்ததில்லை. பேத்திக்கு வந்த பிறகுதான் அவர் ஞாபகம் எனக்கு வந்தது. தேடிப் போய்ப் பார்த்தேன். நெஞ்சக மருத்துவரிடம் அழைத்துப் போனேன். இப்போது மருந்தில் இருக்கிறார். மூட்டை தூக்க முடியாது. என் கடையில் ரசீது போடும் இடத்தில் உட்கார்ந்திருக்கிறார். தூசி பறந்தால் முதலில் சத்தம் போடுவது அவர்தான். இன்று என் கிடங்கில் வேலை செய்யும் ஒவ்வொருவருக்கும் என் 95 ரக முகக்கவசம் தருகிறேன். தோளில் போடும் துண்டைவிட அது நுண்ணிய தூசியை நன்றாகத் தடுக்கும். கொரோனா காலத்தில் நாம் எல்லோரும் பழகியதுதான்.

பேரேட்டில் வாடகை எழுதுகிறோம், வண்டிச் சத்தம் எழுதுகிறோம், ஏற்று இறக்குக் கூலி எழுதுகிறோம். தூசி என்ற செலவை யாரும் எழுதுவதில்லை. அதை நம் பிள்ளைகளும் வேலையாட்களும் மூச்சால் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

மே 5 நமக்கு வணிகர் தினம். அதே மே மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை உலக ஆஸ்துமா தினம். 1998இல் அந்த நாளை முதன்முதலாகக் கொண்டாடியபோது, அதையொட்டிய உலக மாநாடு நடந்தது, சோயாத் தூசியை அடக்கிக் காட்டிய அதே பார்சலோனா நகரத்தில்தான். வரும் மே மாதம் நம் சங்கக் கிளைகள் தோறும் கடை ஊழியர்களுக்கும் சுமைதூக்கும் தொழிலாளர்களுக்கும் ஒரு நெஞ்சுப் பரிசோதனை முகாம் நடத்தினால் என்ன? நிர்வாகிகள் யோசிக்க வேண்டுகிறேன்.

சுத்தம் சோறு போடும் என்றார்கள் பெரியவர்கள். நம் தொழிலே ஊருக்குச் சோறு போடும் தொழில். இந்த வார விடுமுறையில் துடைப்பத்தை ஓரமாக வைத்துவிட்டு, ஒரு வாளித் தண்ணீரும் பழைய வேட்டித் துணியும் எடுத்துக்கொண்டு படுக்கை அறையிலிருந்து தொடங்குங்கள். வீட்டில் உள்ள அம்மாக்கள் தலையில் எல்லாவற்றையும் கட்டிவிடாமல், மூட்டை தூக்கிப் பழகிய நாமும் கொஞ்சம் குனிந்து துடைப்போம்.